ஊசி முனையில் ஒரு கச்சேரி

ஒரு மசால் தோசை, ஒரு காபி. அந்தக் காசுக்கு மாசம் முழுக்க செல்போனில் பாட்டுக் கேட்கலாம். பத்துக் கோடிப் பாட்டு இருக்கிறது என்று 2022லேயே ஆப்பிள் கம்பெனி கணக்குச் சொல்லிவிட்டது. ஒரு பாட்டு நாலு நிமிஷம் என்று வைத்தால், தூங்காமல் கேட்டாலும் 760 வருஷம் ஆகும்.

அப்புறம் எதுக்கு ஸார் இந்தக் கறுப்புத் தட்டு? அதைச் சுற்ற ஒரு மிஷின், பெருக்க ஒரு பெட்டி, ஹாலில் இரண்டு மரப்பெட்டி? ஆபீஸில் இதைக் கேட்காத ஆளில்லை. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நண்பர் ஒருத்தர், “அப்படியே ஒரு ஆட்டுக்கல்லும் வாங்கிடுங்க” என்றார். வீட்டில் இன்னும் சுருக்கம்: “இதுக்கு எவ்வளவு?”

நியாயமான கேள்விகள். பதில்தான் கொஞ்சம் நீளம்.

ஒரு எல்.பி. தட்டில், ஒரு பக்கத்தில் எத்தனை கோடு இருக்கும்? ஆயிரம், ஐந்நூறு என்பார்கள். ஒன்றே ஒன்றுதான். வெளி ஓரத்தில் ஆரம்பித்து, ஜிலேபி மாதிரி சுற்றிச் சுற்றி நடுவே போய் முடிகிற ஒரே பள்ளம். நிமிஷத்துக்கு 33 1/3 சுற்று, இருபது நிமிஷப் பாட்டு என்றால், அதை நீட்டிப் பிடித்தால் 430 மீட்டர் சுமாருக்கு வரும். ஸ்டேடியத்தில் ஒரு முழு ரவுண்டு, அதற்கு மேல் கொஞ்சம்.

இந்த ரவுண்டை ஓடுவது ஒரு வைரத் துணுக்கு. முனையின் வளைவு பதினெட்டு மைக்ரான் சுமார். தலைமயிர் இதைவிடத் தடிமன். பள்ளத்துக்கு இரண்டு சுவர். உள் பக்கச் சுவரில் இடது ஸ்பீக்கருக்கான சத்தம், வெளிப் பக்கச் சுவரில் வலது. இரண்டும் நாற்பத்தைந்து டிகிரி சாய்வு. ஒரே ஊசி இரண்டு சுவரிலும் உரசிக்கொண்டே, வயலினை இந்தப் பக்கமும் புல்லாங்குழலை அந்தப் பக்கமும் பிரித்துத் தந்துவிடுகிறது. யோசித்தவர் ஆலன் பிளம்லைன் என்ற இங்கிலீஷ்காரர். 1931லேயே காப்புரிமைக்கு மனுப் போட்டுவிட்டார். ஸ்டீரியோ தட்டு கடைக்கு வந்தது 1958ல். நம்ம இளையராஜா ‘ப்ரியா’ பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்தது 1978ல். நல்ல விஷயங்கள் மெட்ராஸ் வர இருபது வருஷம் பிடிக்கும். அது அந்தக் காலத்து வழக்கம்.

ஊசி ஆடினால் காட்ரிட்ஜுக்குள் குட்டிக் காந்தம் ஆடி, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. எவ்வளவு? மூன்று, நாலு மில்லிவோல்ட். டார்ச் செல்லில் நானூறில் ஒரு பங்கு. இந்தச் சுண்டைக்காயை வைத்துத்தான் ஹால் முழுக்க எம்.எஸ்.வி.யின் ஆர்க்கெஸ்ட்ராவை உட்கார வைக்கிறோம்.

இங்கே ஒரு கோக்குமாக்கு. பேஸ் ஒலிகளை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகி, பக்கத்துச் சுற்றில் இடித்துவிடும். அதனால் தட்டை வெட்டும்போதே பேஸைக் குறைத்து, கீச்சு ஒலிகளை ஏற்றி வெட்டுகிறார்கள். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு ஏற்றுவது என்று 1954ல் அமெரிக்க ரெகார்டு கம்பெனிகள் சங்கம் ஒரு வரைகோடு போட்டுக் கொடுத்தது. திரும்பக் கேட்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதற்குப் பெயர் ஃபோனோ ப்ரீஆம்ப். புதுசாக வாங்குகிற பாதிப் பேர் இதை மறந்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் ஓட்டையில் நேரே சொருகிவிட்டு, “என்ன சார், டீக்கடை டிரான்சிஸ்டர் மாதிரி கேக்குது!” என்று கடைக்குப் போன் போடுகிறார்கள். இப்போது வரும் சில டர்ன்டேபிள்களில் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. பின்னால் ஒரு ஸ்விட்ச். அதையும் போட்டு, ஆம்ப்ளிஃபயரிலும் ஃபோனோ ஓட்டையில் சொருகினால், டிரான்சிஸ்டர் போய் தேர்தல் பிரசார வேன் வந்துவிடும்.

*

தட்டு ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. கணக்குப்படி சி.டி.தான் ஒசத்தி. மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி சி.டி.யில் 96 டெசிபல். தட்டில் அறுபது, எழுபது தேறினால் புண்ணியம். சி.டி.யில் தூசி பாடாது. தட்டில் ஓரத்துப் பாட்டு விநாடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் வேகத்தில் ஊசிக்கடியில் ஓடுகிறது. நடுவே வரும் கடைசிப் பாட்டுக்கு இருபதுதான். அதே சங்கதியைப் பாதி இடத்துக்குள் நெருக்கி எழுதியிருப்பார்கள். அதனால்தான் கடைசிப் பாட்டில் ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் கொஞ்சம் எச்சில் தெறிக்கும்.

ஆனால் 1990களுக்குப் பிறகு வந்த சி.டி.க்கள் பலவற்றில், பக்கத்துக் கடைப் பாட்டைவிட நம் பாட்டு சத்தமாக இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு இழுத்துவிட்டார்கள். மூச்சு விடுகிற சத்தமும் முரசு கொட்டுகிற சத்தமும் ஒரே உசரம். ஹிந்திக்காரர்கள் ஒரு படி மேலே போய், பழைய பாட்டில் புதுசாக டொம் டொம் சேர்த்து ‘ஜங்கார் பீட்ஸ்’ என்று விற்றார்கள். 1964ல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ தட்டில் விஸ்வநாதன் ராமமூர்த்தி என்ன வைத்தார்களோ, அது மட்டும்தான் இருக்கிறது. கூட யாரும் கை வைக்கவில்லை. எனக்கு அதுதான் வேண்டும்.

இன்னொன்று. செல்போனில் நான் ஒரு பாட்டையும் முழுசாகக் கேட்டதில்லை. பல்லவி முடிவதற்குள் விரல் அடுத்ததற்குப் போய்விடும். தட்டில் அப்படி முடியாது. எழுந்து போய்க் கையைத் தூக்க வேண்டும். அந்தச் சோம்பேறித்தனத்தில் மூன்றாவது பாட்டு, நாலாவது பாட்டு என்று பிடிக்காததையும் கேட்டு, அதில் ஒன்று பிடித்துப்போய்விடுகிறது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் தட்டைத் திருப்பிப் போட வேண்டியிருப்பதால், தூங்கவும் முடியாது. ஆபீஸ் மீட்டிங்கில் இந்த ஏற்பாடு இல்லாதது பெருங்குறை.

*

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். ஒரு மாசச் சம்பளத்தைத் தாண்டாமல் என்ன செய்யலாம்?

முதலில், சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கிற குட்டி பிளேயர்கள். பார்க்க அழகு. பிறந்த நாள் பரிசுக்கு ஏற்றது. பரிசு கொடுப்பவருக்கு மட்டும். ஸ்பீக்கரும் ஊசியும் ஒரே பெட்டிக்குள். ஸ்பீக்கர் அதிர்ந்தால் ஊசியும் அதிரும். ஊசி அதிர்ந்தால் மறுபடி ஸ்பீக்கர். மாமியார் மருமகள் கதை. அதிலும் பலவற்றில் கை தட்டின் மேல் கனமாக அழுத்தும், எடையைக் கூட்டிக் குறைக்க வழி கிடையாது.

பதினைந்து, இருபதாயிரத்துப் பக்கம் உருப்படியான டர்ன்டேபிள் ஆரம்பிக்கிறது. பழசு கிடைத்தாலும் எடுக்கலாம். டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்று ஒரு மாடல், 1972ல் வந்தது, 2010ல் நிறுத்தினார்கள், ஊர் உலகமெல்லாம் புலம்பியதில் 2016ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். நல்ல நிலையில் கிடைத்தால் பேரப்பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். ஆனால் பைக் விலை சொல்வார்கள்.

என் கட்சி இதுதான்: காசை ஊசியிலும் ஸ்பீக்கரிலும் போடுங்கள். தட்டைத் தொடுவது ஊசி, காதைத் தொடுவது ஸ்பீக்கர். நடுவில் இருப்பவை எல்லாம் தபால்காரர்கள். கடிதத்தைத் தொலைக்காமல் கொண்டுவந்தால் போதும். ஊசிக்கு ஆயுசு உண்டு. வைரத்தைச் சீவிய விதத்தைப் பொறுத்து 300 மணி நேரத்திலிருந்து 1,000 மணி நேரம் வரை. தினம் ஒரு எல்.பி. என்றால் 300 மணி நேரம் ஒன்றேகால் வருஷத்தில் தீர்ந்துவிடும். “நல்லாத்தானே பாடுது” என்று விட்டால், தேய்ந்த ஊசி உளியாகி, தட்டைச் செதுக்க ஆரம்பிக்கும். ஊசி போனால் வேறு வாங்கலாம். தட்டு போனால் போனதுதான்.

கையின் பின்பக்கம் ஓர் எடைக்கல் இருக்கும். ஊசி எத்தனை கிராம் அழுத்த வேண்டும் என்று காட்ரிட்ஜ் அட்டையில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் இரண்டு கிராம் சுற்று வட்டாரம். இரண்டு கிராம்தானே என்று நினைக்காதீர்கள். அவ்வளவு சின்ன முனையில் அது சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் போய் நிற்கிறது. பாவம் தட்டு என்று ரொம்பக் குறைத்து வைக்கிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளிச் சுவரை இடிக்கும்.

ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் வெளிநாட்டுச் சரக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கல்கத்தா சோனோடைன் எழுபதுகளிலிருந்து இருக்கிறது. கொச்சியில் ரெதம் என்ற கம்பெனியின் ஸ்பீக்கருக்கு வெளிநாட்டில் மரியாதை. விலையைப் பார்த்து நானும் தூரத்திலிருந்து மரியாதை செய்துவிட்டேன்.

*

இதற்கப்புறம் வருவது காசே ஆகாத சமாசாரம். ஆனால் லட்சக்கணக்கில் கொட்டியவர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான்.

எங்கள் கொளத்தூர் ஃப்ளாட்டின் ஹால், எல்லார் வீட்டு ஹாலையும் போலத்தான். தரையில் வழவழ டைல்ஸ், நாலு பக்கமும் சுவர், மேலே கான்கிரீட். கை தட்டினால் சுவர் திரும்பத் தட்டும். முதல் நாள் ஸ்பீக்கர் வைத்துக் கேட்டபோது எஸ்.பி.பி. குளியலறையிலிருந்து பாடினார். ஆம்ப்ளிஃபயர் மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மாமனார் வீட்டில் கல்யாணத்துக்குக் கொடுத்த பவானி ஜமக்காளம் பரணில் இருப்பது ஞாபகம் வந்தது. தரையில் விரித்தேன். எஸ்.பி.பி. ஹாலுக்கு வந்துவிட்டார்.

அப்புறம் ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து ஓர் அடி முன்னால் இழுத்தேன். மூலையில் வைத்தால் பேஸ் ஊதிப் போகும்; தபலாவும் இடியும் ஒன்றாகக் கேட்கும். இரண்டு ஸ்பீக்கர், நம் தலை, மூன்றும் சம பக்க முக்கோணம். கீச்சு ஒலி வருகிற சின்ன வட்டம் காது உயரத்தில். பக்கத்துச் சுவரில் புத்தக அலமாரி இருந்தால் நல்லது. புத்தகம் படிக்காவிட்டாலும் சத்தத்தைச் சிதறடிக்கும். அன்றிரவு குரல் இரண்டு பெட்டியிலிருந்தும் வரவில்லை, நடுவே, டி.வி. ஸ்டாண்டுக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வந்தது. ‘ப்ரியா’ தட்டில் ஜேசுதாஸ் அங்கே நிற்கிறார் என்று சத்தியம் செய்யலாம் போலிருந்தது.

“என்னங்க, பீரோ பாடுது” என்றாள் மனைவி உள்ளேயிருந்து. பேஸ் வரும்போதெல்லாம் பெட்ரூம் இரும்பு பீரோவின் கைப்பிடி கூடவே தாளம் போட்டிருக்கிறது. ஒரு துண்டு சைக்கிள் ட்யூபை வெட்டிச் சொருகியதில் அது பக்கவாத்தியத்திலிருந்து ஓய்வு பெற்றது. செலவு பூஜ்யம்.

இப்படிச் சொன்னால் பெரிய ஆடியோ ரசிகர்களுக்குப் பிடிக்காது. அவர்கள் உலகம் வேறு. ஜப்பானில் பக்கத்து வீட்டு ஃப்ரிஜ்ஜின் மின்சாரம் தன் பாட்டில் கலக்கக் கூடாது என்று வீட்டு வாசலில் சொந்தமாக மின்கம்பம் நட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 2016ல் அமெரிக்கப் பத்திரிகையில் செய்தியே வந்தது. பன்னிரண்டு அடி ஸ்பீக்கர் ஒயர் 7,250 டாலருக்கு விற்றது 2007ல். சாதாரண ஒயருக்கும் இதற்கும் வித்தியாசத்தைக் கண்ணை மூடிக் காதால் கண்டுபிடித்தால் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்றார், மோசடிகளை அம்பலப்படுத்தி வந்த மாஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி. சோதனை நடக்கவே இல்லை.

இதைவிட சுவாரசியம் 2022ல் நடந்தது. மொபைல் ஃபிடலிட்டி என்று அமெரிக்காவில் ஒரு ரெகார்டு கம்பெனி. அசல் டேப்பிலிருந்து நேரே தட்டுக்கு, நடுவில் கம்ப்யூட்டர் கிடையாது என்று ரசிகர்கள் நம்பி, கொட்டிக் கொடுத்து வாங்கினார்கள். டிஜிட்டலின் ஜில்லிப்பு இல்லாத கதகதப்பு என்று விமரிசனம் எழுதினார்கள். ஜூலை மாதம், அரிஸோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ரெகார்டு கடை வைத்திருக்கும் ஒருவர் குட்டை உடைத்தார். கம்பெனி இன்ஜினியர்களும் ஒப்புக்கொண்டார்கள். 2011லிருந்தே பல தட்டுகளில் நடுவே டிஜிட்டல் இருந்திருக்கிறது. பதினோரு வருஷம்! எந்தத் தங்கக் காதுக்கும் கேட்கவில்லை. விஷயம் கோர்ட்டுக்குப் போய், வாங்கியவர்களுக்குப் பணம் தருகிற சமரசம் வரை போனது. எனக்கென்னவோ அந்தத் தட்டுகள் நிஜமாகவே நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அதனால்தானே யாரும் கண்டுபிடிக்கவில்லை.

*

இனி தட்டு. பழைய மூர் மார்க்கெட் 1985ல் எரிந்துபோவதற்கு முன் அங்கே போய் அள்ளியவர்கள் இன்றும் அந்தக் கதையைச் சொல்லி நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறார்கள். இப்போது இளையராஜா எல்.பி. என்றால் விற்பவர் முகத்தில் ஒரு புன்னகை வந்து, விலை ஆயிரங்களில் தொடங்கும். எக்கோ, இன்ரெகோ, பாலிடார், எச்.எம்.வி. என்று லேபிள் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. நான் முதலில் பார்ப்பது அட்டையில் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறதா என்றுதான். ‘சவுண்ட் சர்வீஸ்’ என்று ஊதா மசியில் இருந்தால், அது நூறு கல்யாணம், இருநூறு காதுகுத்து பார்த்த தட்டு. மைக் செட்காரரின் கை ஐந்து கிராமுக்கும் மேல் அழுத்தும். ஊசியை மாற்றுவது அவர் ஜாதகத்தில் கிடையாது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்பு கண்ணாடி மாதிரி மின்னினால் நல்லது. சாம்பல் பூத்திருந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

சில பழைய தட்டுகளில் நடு ஓட்டை நடுவில் இருக்காது. ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது 1.8 விநாடிக்கு ஒரு முறை, சுருதி ஏறி இறங்கும். சினிமாப் பாட்டில் சமாளிக்கலாம். நாகஸ்வரத்தில் வித்வானுக்கு மயக்கம் வந்த மாதிரி இருக்கும். இதற்காகவே மையத்தைத் தானே தேடிச் சரிசெய்துகொள்ளும் டர்ன்டேபிள் ஒன்றை நாகமிச்சி கம்பெனி எண்பதுகளில் செய்தது. நாம் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய தட்டு என்றால் கழுவியே ஆக வேண்டும். இன்வெர்ட்டர் பாட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி. பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, சோப்பு போக வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசவும். நடுவில் இருக்கும் காகித லேபிளில் தண்ணீர் படக் கூடாது. ஸ்பிரிட் போட்டால் இன்னும் பளிச்சென்று ஆகும் என்று யாராவது சொன்னால், 78 தட்டு விஷயத்தில் மட்டும் கேட்காதீர்கள். அது வினைல் இல்லை, அரக்கு. மரச்சாமானுக்கு அடிக்கிற பிரெஞ்ச் பாலிஷ் என்பதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்ததுதான். தாத்தா காலத்துத் தட்டைத் துடைத்து முடிக்கும்போது கையில் பாலிஷ் மிஞ்சும். வைப்பது எப்போதும் நிற்க வைத்துத்தான். இட்லித் தட்டு மாதிரி அடுக்கினால் அடியில் இருப்பது வளையும். மே மாதத்தில் காருக்குள் விட்டுவிட்டுப் போனால் திரும்பும்போது அப்பளம்.

நான் தட்டுக் கழுவுகிற சேதி எப்படியோ மாடிக்குப் போய்விட்டது. மேல் வீட்டுப் பெரியவர், பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஓய்வு பெற்றவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே ஒரு ஈ.பி. தட்டு, நாலு பாட்டு. அட்டையில் நீல மசியில் ஒரு பெண் பெயர், 1966 என்று வருஷம். “வீட்டுக்காரி எழுதினது தம்பி. கல்யாணத்துக்கு அவ ஃப்ரெண்டு குடுத்தது. பிளேயர் ரிப்பேராகி நாப்பது வருஷம் ஆச்சு. பாடுமா பாருங்க.” அந்த அம்மாள் தவறிப்போய் மூன்று வருஷம்.

தட்டில் பூஞ்சை. வாங்கி வைத்து, மறுநாள் இரவு இரண்டு தரம் கழுவி, காய வைத்து, அடுத்த ஞாயிறு அவரைக் கூப்பிட்டேன். முதல் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு, சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பாட்டில் சரணம் வரும்போது ஒரு விரலைத் தூக்கி, “இப்பக் குதிக்கும் பாருங்க” என்றார்.

குதிக்கவில்லை. பாட்டு சுகமாகப் போனது.

“குதிக்கலையே!” என்றார் கண்ணைத் திறந்து.

“அழுக்கு ஏதாவது பள்ளத்துல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும் ஸார். கழுவினதுல போயிடுச்சு.”

“இல்ல தம்பி, அந்த எடத்துல ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். அவ அடுப்படியில இருந்து ஓடி வந்து கையைத் தூக்கி வெப்பா. எப்பவும் அவதான்.”

மறுபடி அதே இடத்தைப் போட்டோம். குதிக்கவில்லை. கையை லேசாகத் தட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். இரண்டு கிராம், வைரம், டன் கணக்கு அழுத்தம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். காபி குடித்தார். தட்டை அட்டையில் போட்டு, பெயர் இருக்கிற பக்கம் வெளியே தெரிகிற மாதிரி பையில் வைத்துக்கொண்டார்.

அவரிடம் இன்னும் எட்டுத் தட்டு இருக்கிறதாம். இந்த ஞாயிறு கொண்டுவருகிறார். தண்ணியே படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.